கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

மாஸ்டருடைய இடது கண் ஆபரேஷன் முடிந்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. வலது கண்தான் முரண்டு பிடித்தது.

இரண்டிலும் புரை இருந்தது. முதலில் இடது, அப்புறம் வலது என்று டாக்டரம்மா முறை வைத்துச் செய்தார். இடது கண் கட்டைப் பிரித்த அன்று, எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்து, "நேத்துத் தேதியை இன்னும் கிழிக்கலையே?" என்று நர்ஸிடம் குறை சொன்னார் மாஸ்டர். வலது கண் கட்டைப் பிரித்த அன்று அவருக்குக் குறை சொல்லக்கூட எதுவும் தெரியவில்லை. புரையின் மூட்டம் போயிருந்தது, வெளிச்சம் தாராளமாக வந்தது, ஆனால் கிட்டே இருப்பதும் கலங்கல், தூரத்தில் இருப்பதும் கலங்கல். உள்ளே வைத்த லென்ஸின் பவர் அந்தக் கண்ணுக்குப் பொருந்தி வரவில்லை. அளந்துதான் வைத்தார்கள். சில கண்கள் அளவுக்கு அடங்குவதில்லை என்று டாக்டரம்மா வருத்தப்பட்டு, கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் சன்னம், ஒரு பக்கம் தடிமன். போட்டால் வலது கண்ணுக்கு எல்லாம் ஒரு சுற்றுப் பருத்துத் தெரியும். இடது கண்ணுக்கு இருக்கிறபடி தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் சண்டை போடும். தரை மேடேறி வரும், தலை சுற்றும். "ஒரு ஆளுக்கு ஒன்றரை மூக்கு தெரியுது, எந்த மூக்கைப் பிடிச்சிகிட்டு நான் ஷேவ் பண்றது?" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அதை மேஜை டிராயருக்குள் போட்டார். மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவருடையது இரண்டு நாற்காலி சலூன். முதல் நாற்காலி அவருக்கு. இரண்டாவது மச்சினனுக்கு. மச்சினன் அவர் மனைவியின் தம்பி. "என் பொண்டாட்டியோட இலவச இணைப்பா வந்தவன்" என்றுதான் புது ஆட்களுக்கு அவனை அறிமுகம் செய்வார். வந்தவனுக்கும் இப்போது ஐம்பதை ஒட்டி வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொண்டது, காய்ச்சலில் விழுந்தது, சினிமாவுக்குப் போனது எல்லாம் மாமாவோடுதான். அதனால் அந்த வலது கண் விஷயத்தில் மாமாவைவிட அவன்தான் அதிகம் கலங்கிப் போயிருந்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் மாமா கேலி பண்ணியே கொன்றுவிடுவார்.

கண்ணாடி போடாத மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். வலது கண்ணைச் சுருக்கி மூடிக்கொள்வார், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், இடது கண்ணால் மட்டும் குறி பார்ப்பார். முடி வெட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கை பழகின கை. வித்தியாசம் தெரிந்தது கிருதாவில். காதோரம் இறங்கும் அந்த இரண்டு பட்டை முடியும் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்தால் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மாஸ்டரின் பேரே அதில்தான். தலையைச் சாய்த்துப் பார்க்கிறவருக்கு மட்டம் எப்படி மட்டமாக இருக்கும்? அவருக்கு நேராகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு ஒரு பக்கம் ஏறியிருந்தது.

முதலில் மாட்டியவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து மாஸ்டர் துணியை உதறியபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து மச்சினன் எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தான். டிரைவரின் வலது கிருதா மேலே, இடது கிருதா கீழே. டிரைவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள்ளேயே இருவர் கண்ணும் சந்தித்தன.

"எப்படி இருக்கு?" என்றார் மாஸ்டர், பின்னந்தலையைக் காட்டும் பின்கண்ணாடியைப் பிடித்தபடி.

டிரைவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். "பிரமாதம் மாஸ்டர்."

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் முடிக்கூடையைக் கொட்டப் பின்பக்கம் போனான். குழாயடியில் டிரைவர் திருடனைப்போல நின்றிருந்தார்.

"அண்ணே, ஒரு கை பாத்து விடுங்கண்ணே. இந்தக் கோலத்தோட டூட்டிக்குப் போனா கண்டக்டர் பயல் பஸ் பூரா சொல்லிச் சிரிப்பான்."

"அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிண்ணே சொல்றது? ஸ்கூலுக்குப் போற காலத்துலேருந்து அவர் கைதான் என் தலையில. பாவம், கண்ணு ஆபரேஷன் பண்ணிட்டு வந்து உட்கார்ந்திருக்காரு. கோணலா இருக்குன்னு சொல்ல வாய் வரலை."

மச்சினனுக்கும் வாய் வரவில்லை. குழாயடியில் கிடந்த ஸ்டூலில் அவரை உட்கார வைத்து, சட்டைப்பையிலிருந்த கத்தரிக்கோலால் இடது கிருதாவையும் ஏற்றி விட்டான். இரண்டே நிமிட வேலை. ஒரு தடவைதானே என்று நினைத்தான்.

ஒரு தடவையோடு நிற்குமா? அடுத்து பள்ளிக்கூட கிளார்க் வந்தார். அப்புறம் மாவு மில்காரர். முன்வாசல் வழியாகப் போய், மாஸ்டரிடம் வெட்டிக்கொண்டு, "அருமை", "சூப்பர்" என்று மனசாரப் பொய் சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து வரிசை கட்டி நிற்பார்கள். மழைக்காலம் தொடங்கியதும் மச்சினன் குழாய்க்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டினான். கூடையைக் கொட்ட, டீ சொல்ல, துணி உலர்த்த என்று அவன் பின்பக்கம் போகிற சாக்குகளும் பெருகின. "உனக்கு வயித்துல ஏதும் கோளாறா மாப்ளே?" என்று மாஸ்டர் அக்கறையாகக் கேட்டார். இவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டம் குறையவில்லை. அதில் மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா மாப்ளே! ஒரு கண்ணு போனா என்ன, கை போகலை பாரு" என்று சீப்பைத் தட்டித் தட்டிச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் மச்சினனுக்கு நெஞ்சில் சுருக்கென்று இருக்கும்.

முடி போனால் முளைத்துவிடும். சவரக்கத்தி அப்படியா? ஒரு நாள் டிரைவரின் காதுக்குக் கீழே கத்தி பட்டுவிட்டது. ரத்தம் கோடாக இறங்கியது. மாஸ்டர் நின்ற பக்கத்திலிருந்து அவருக்கு அது தெரியவே இல்லை. டிரைவர் சத்தம் காட்டாமல் துண்டை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டு, "காதுல தண்ணி போயிடுச்சு மாஸ்டர்" என்றார். பின்பக்கம் மச்சினன் ரத்தம் நிற்கப் படிகாரக் கட்டியைத் தேய்த்து விட்டான். இன்னும் இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் மாஸ்டருக்கு முன்பாகவே சாப்பிட வந்து, அடுப்படியில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாமயா இருக்கு? டீயை டம்ளர்ல ஊத்துறேன்னு மேஜையில ஊத்துறாரு. சாவியை எடுக்கப் போனா கை சாவிக்கு இந்தப் பக்கமே நிக்குது. கேட்டா, சாவியை நீ தள்ளி வெச்சேங்கறாரு."

"நீயாவது சொல்லேன்க்கா."

"நான் சொன்னா வீட்டுச் சண்டையாப் போயிடும். கடையில நடக்கறதை நீதான் சொல்லணும். சொல்லாம பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கியே, நீ அவருக்கு நல்லது பண்றேன்னா நினைக்கிறே?"

"அவர் மனசு உடைஞ்சு போயிடும்க்கா."

"எவனாவது ஒருத்தன் கழுத்து அறுந்தா உடையாதா?"

அக்கா அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தான். நாளைக்கு என்பது நாளைக்கே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் அது தானாகவே வெளிவந்துவிட்டது.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. கடைக்குள் வாளித் தண்ணீர் தீர்ந்து போனது. சோப்பு நுரைக் கையோடு மாஸ்டர் குழாயைத் தேடிப் பின்பக்கம் வந்தார். மழைச் சத்தத்தில் அவர் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஸ்டூல். ஸ்டூலில் மாவு மில்காரர், கழுத்தில் துண்டோடு. சற்று முன்புதான் மாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, "கை வெச்சா கை வெச்சதுதான்" என்று புகழ்ந்துவிட்டு வந்த மனிதர். அவருடைய கிருதாவில் மச்சினனின் கத்தரி.

மாஸ்டர் நின்று பார்த்தார். வலது கண் சுருங்கி மூடியிருந்தது.

"எத்தனை பேரு மாப்ளே?"

"மாமா..."

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

மச்சினன் கத்தரியைப் பின்னால் மறைத்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "எல்லாரும்தான் மாமா."

மாஸ்டர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நுரை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே போய்ச் சவரக்கத்தியைத் துடைத்து மடக்கி டிராயரில் வைத்தார். பிறகு, ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளி நாற்காலி காலியாகக் கிடந்தது. மச்சினன் வந்து வாசலில் நின்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் அழுதால் பார்க்க நன்றாக இருக்காதே என்று அடக்கிக்கொண்டான்.

"இனிமே ரெண்டு நாற்காலியும் நீயே பாத்துக்க" என்றார் மாஸ்டர். அதில் கோபம் இருந்திருந்தால் மச்சினனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் மாஸ்டர் சாப்பிட்டு முடித்ததும் பேச்சை அக்காதான் தொடங்கினாள்.

"உங்க மேல உள்ள பாசத்துலதாங்க செஞ்சுட்டாங்க."

"தெரியும்டி. யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல." தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார். "பிரமாதம் பிரமாதம்னு சொன்னாங்களே, அதை அப்படியே நம்பிட்டு வந்து தினம் ராத்திரி உன்கிட்ட பெருமை அடிச்சிகிட்டு சாப்பிட்டேன் பாரு. அதை நினைச்சாத்தான் வெக்கமா இருக்கு. நீயும் உம் உம்னு கேட்டுகிட்டு இருந்தியே. உனக்கும் தெரியுமா?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணு சரியில்லைன்னு தெரியும். கடை விஷயம் இப்ப கொஞ்ச நாளாத்தான் தெரியும்."

"சரி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் மாஸ்டர். இத்தனை மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத மனிதர், தானாகச் சொன்னார்.

டாக்டரம்மா வலது கண்ணைக் கருவி வழியாக நெடுநேரம் பார்த்தார். மச்சினனும் அக்காவும் சுவரோரம் நின்றார்கள்.

"கண்ணாடியை ஏன் போடறதில்ல?"

மாஸ்டர் ஒன்றரை மூக்குக் கதையைச் சொன்னார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியாத்தான் சொல்றீங்க. ரெண்டு கண்ணுக்கும் பவர் இவ்வளவு வித்தியாசப்பட்டா மூளை ரெண்டையும் சேத்துக்காது. கண்ணு மேல ஒட்டற கான்டாக்ட் லென்ஸ் போட்டா சேரும். ஆனா உங்க வேலையில பொழுதன்னிக்கும் முடித்தூள் பறக்கும். அது சரிப்படாது. இன்னொரு வழி இருக்கு. ஏற்கெனவே வெச்ச லென்ஸை எடுக்க வேண்டாம். அது உள்ள நல்லாப் பிடிச்சு உட்கார்ந்திருக்கு, கிளறினாத்தான் வம்பு. அதுக்கு முன்னாடி மெலிசா இன்னொரு லென்ஸ் வெச்சிடலாம். குறையற பவரை அது ஈடு கட்டிடும்."

"ஒரு கண்ணுக்குள்ள ரெண்டு லென்ஸா? வாடகை வீடா டாக்டர் அது, மாடியில ஒரு குடித்தனம் கீழ ஒரு குடித்தனம்னு வெக்கறதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாத குடித்தனம். நடுவுல இடம் விட்டுத்தான் வெப்போம்."

மாஸ்டரின் சிரிப்பு அடங்கியது. "இதுவும் பொருந்தலைன்னா?"

"போன தடவை, லென்ஸ் வெச்ச பிறகு எப்படி இருக்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட வேண்டியிருந்தது. அதுதான் தப்பிப் போச்சு. இப்ப எவ்வளவு குறையுதுன்னு உங்க கண்ணே காட்டுது. அதை மட்டும் அளந்து வெக்கறோம். அதனால பொருந்தறதுக்குத்தான் வாய்ப்பு நிறைய. ஆனா கண்ணைத் திறந்தா கிருமி, பிரஷர், வீக்கம்னு ஆபத்து கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஒண்ணுமே ஆகாதுன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

மாஸ்டர் திரும்பி மச்சினனைப் பார்த்தார். "கேட்டியா மாப்ளே? இப்படி மூஞ்சிக்கு நேரா சொன்னா எவ்வளவு தைரியமா இருக்கு பாரு." பிறகு டாக்டரம்மாவிடம், "வெச்சிடுங்கம்மா" என்றார்.

'மூஞ்சிக்கு நேரா' என்ற வார்த்தை மச்சினனுக்கு அறை வாங்கியதுபோல இருந்தது. அறைதான் வாங்க வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. அக்காவும் தம்பியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, டீயில் பன்னைத் தொட்டுத் தொட்டு, தின்னாமலே ஊற வைத்தார்கள். மருந்து விட்டு மரத்துப்போன கண்ணோடு, முழித்துக்கொண்டே படுத்திருந்தாராம் மாஸ்டர். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். கிட்டப் படிக்க மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடி போதும் என்றார் டாக்டரம்மா. "திடீர்னு மங்கிச்சுன்னா, வலிச்சா, உடனே வரணும்" என்று எச்சரிக்கையும் செய்தார்.

அக்கா பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

டாக்டரம்மா சொன்ன காலம் முழுக்க சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்துவிட்டு மாஸ்டர் கடைக்குத் திரும்பினார். இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன, தலை நேராக நின்றது, கிருதா மட்டமாக வந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று மச்சினன் நினைத்தான். ஆகவில்லை.

ஆள் எழுந்து, "சூப்பர் மாஸ்டர்" என்று சொன்னால் மாஸ்டரின் முகம் சுண்டிப்போகும். "நிஜமாவா?" என்பார். "நிஜமாத்தான்" என்பார்கள். திரும்ப உட்கார வைத்து, கட்டை விரல்களைக் காதோரம் வைத்து மட்டம் பார்ப்பார். மறுபடி பார்ப்பார். ஆள் போன பிறகு, துடைக்க ஏதோ தேடுவதுபோலப் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். மச்சினனிடம் மட்டும் எதுவும் கேட்பதில்லை. அவனாக வலிய வந்து, "நல்லா வந்திருக்கு மாமா" என்று சொன்னால், காது கேளாதவரைப்போல சீப்பைக் கழுவப் போய்விடுவார். பேச்சு உண்டு, கேலிகூட உண்டு. ஆனால் அவன் சொல்லுக்கு அந்தக் கடையில் மதிப்பு போய்விட்டது. மச்சினன் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கத் தொடங்கினான்.

ஒரு விடுமுறை நாள். பெஞ்சு நிறைய ஆட்கள். கிளார்க் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், மாவு மில்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் நாற்காலியில் பஸ் டிரைவர். வேலை முடிந்தது. மாஸ்டர் துணியை உதறி, பவுடர் பிரஷ்ஷால் கழுத்தைத் தட்டி, பின்கண்ணாடியைப் பிடித்தார்.

"எப்படி இருக்கு?"

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். டிரைவரின் இடது கிருதா மேலே ஏறியிருந்தது. சந்தேகமே இல்லை. டிரைவரின் கண்கள் கண்ணாடிக்குள் ஓடி வந்து அவன் கண்களைப் பிடித்தன. பழைய பார்வை அது.

"பிரமாதம் மாஸ்டர்" என்றார் டிரைவர்.

மாஸ்டர் அவரை விட்டுவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகக் கேட்டார்.

"நீ என்ன சொல்றே மாப்ளே?"

பேப்பர் மடங்கும் சத்தம் நின்றது. மச்சினன் கத்தரியைக் கீழே வைத்தான். டாக்டரம்மா சொன்னது நடந்துவிட்டதோ? மங்கிவிட்டதோ? உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்துவிட்டதோ? கோணல் என்று சொன்னால், மாமா, உன் கண் மறுபடியும் போய்விட்டது என்று சொல்வதுதான். இத்தனை பேர் முன்னால். அந்த மனிதர் இன்னொரு தடவை அந்தப் பெஞ்சில் போய் உட்காருவதைப் பார்க்க இவனால் முடியுமா? 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்ல எவ்வளவு சுலபம்.

"மாமா..." விரலால் காட்டினான். "இடது பக்கம் தூக்கி இருக்கு மாமா."

மாஸ்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"எவ்வளவு?"

"ஒரு நூல் அளவு இருக்கும்."

"ஒன்றரை" என்றார் மாஸ்டர். "அளந்துதான் தூக்கி விட்டேன். ஏத்தினதை இறக்க முடியாதுல்ல, அதான் வலது பக்கத்தை இன்னும் ஏத்தாம வெச்சிருக்கேன், பாரு."

கத்தியை எடுத்தார். இரண்டு கண்ணையும் அகலத் திறந்துகொண்டு, தலை கொஞ்சமும் சாயாமல், வலது கிருதாவில் ஒரே இழுப்பு. இரண்டும் ஒரு மட்டத்தில் நின்றன. டிரைவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"அடப்பாவி மாஸ்டரே! சோதனை பண்ண என் மூஞ்சிதான் கெடச்சுதா?"

"நீ பேசாத. நீ இன்னும் பிரமாதம்னு சொல்ற ஆளு."

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். மாவு மில்காரர் தன் பங்குக்கு ஏதோ சொல்லப்போய், மாஸ்டர் ஒரு பார்வை பார்த்ததும் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். மச்சினனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்தத் துணியைப் பிடுங்கியது.

"அதுல துடைக்காதடா, பூரா முடி" என்றார் மாஸ்டர், இடுப்பிலிருந்த தன் துண்டை அவிழ்த்து நீட்டியபடி. "கண்ணு பத்திரம்."